9973-ஆம் மரம்

அப்பாவின் வலது காலில் மரம் விழுந்த வருடம் எனக்குப் பத்து வயது. விழுந்தது ஒரு சில்வர் ஓக். அதன் எண் 9973.

மரத்துக்கு எதற்கு எண் என்று கேட்பவர்கள் காப்பித் தோட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். செடிகளுக்கு நிழல் தர நிற்கிற மரங்களை எண்ணி, ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதி வைப்பது உண்டு. எங்கள் எஸ்டேட்டில் அந்த எண்களை எழுதியவர் என் அப்பாதான். மரத்தில் ஏறிக் கிளை கழிப்பது அவருடைய வேலை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. ஆனால் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதனால் மரங்களைக் கணக்கெடுக்க மேனேஜர் உத்தரவு போட்டதும் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். ரைட்டர் மரத்தின் சுற்றளவை அளந்து நோட்டில் குறிப்பார். அப்பா அரிவாளால் நெஞ்சு உயரத்தில் பட்டையைச் சீவி, வெள்ளைப் பெயிண்டில் எண் போடுவார். தை மாதம் தொடங்கிய வேலை மழைக்காலம் வரை நீண்டது. எண் பத்தாயிரத்தைத் தாண்டியது.

நாள் முழுக்க இதே வேலை என்றால் யாருக்கும் அலுத்துப்போகும். அப்பா அதற்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தார். எழுதுகிற எண்ணை மனசுக்குள்ளேயே உடைத்துப் பார்ப்பது. எதையும் எதையும் பெருக்கினால் இந்த எண் வரும் என்று கண்டுபிடித்துவிட்டால் எண் உடைந்துவிட்டது என்று பொருள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு உடைத்தவற்றில் நல்லதாக நாலைந்தை எனக்குச் சொல்வார். மற்ற வீட்டு அப்பாக்கள் பொரியும் கடலையும் வாங்கி வந்தார்கள். எனக்கு எண்கள் வந்தன. ஆயிரத்தொன்றாவது மரம் ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று மூன்றாக உடைந்தது என்று அவர் சொன்ன நாளில் நான் சோறு தின்பதை நிறுத்திவிட்டு, அது நிஜமா என்று தரையில் எழுதிப் பார்த்தேன். அம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

உடையாத எண்ணை அப்பா கல்லு என்பார். ஏழு கல்லு, பதின்மூன்று கல்லு, தொண்ணூற்றேழு கல்லு. தொண்ணூற்றொன்று பார்வைக்குக் கல்லு மாதிரியே நிற்கும், ஏழால் தட்டினால் பொலபொலவென்று போய்விடும், அது வேஷக்காரன். கல்லெல்லாம் சின்ன எண்களில்தான், எண் பெரிதாகப் பெரிதாக எதாவது ஒன்று உள்ளே புகுந்து உடைத்துவிடும் என்பது அவருடைய கட்சி. அவ்வளவு பெரிய எண்ணுக்குள் சரியாகப் போகிற எண் ஒன்றுகூடவா இல்லாமல் போய்விடும் என்று கேட்பார். உடைக்க முடியாத பெரிய எண்களும் அவருக்கு வந்ததுண்டு. ஆனால் அதற்குள் அடுத்த மரம் வந்துவிடும். நேரமில்லாததால் தப்பிப் போனவை என்றுதான் அவற்றை நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஆடி மாதக் காற்றில் நாலைந்து மரங்கள் வேரோடு சாய்ந்து பக்கத்து மரங்களில் மாட்டிக்கொண்டு நின்றன. அவற்றை அறுத்து இறக்குகிற வேலையில் அப்பாவும் இருந்தார். அறுத்த மரம் நினைத்த பக்கம் விழாமல் சரிவில் உருண்டு, ஒதுங்கப் போனவருடைய முழங்காலுக்குக் கீழே ஏறி நின்றுவிட்டது. உடனே தூக்க முடியவில்லை. தப்பான இடத்தில் அறுத்தால் மேலும் உருண்டு உடம்பின் மேலேயே வந்துவிடும். முட்டுக்கொடுக்கக் கட்டைகள் கொண்டுவந்து, மேலே ஒரு பக்கம் கயிறு கட்டி, துண்டு துண்டாக அறுத்து எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். அவ்வளவு நேரமும் அப்பா மல்லாந்து கிடந்திருக்கிறார். தலையைத் தூக்கிப் பார்த்தால் காலுக்கு மேலே மரம், மரத்தில் அவர் கையால் எழுதிய எண். அவர் கத்தவில்லை, என்னவோ கணக்கை முணுமுணுத்துக்கொண்டிருந்தார் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். புத்தி கலங்கிவிட்டது என்று பயந்து ஒருவர் அவர் முகத்தில் தண்ணீரை அடித்தாராம்.

குப்பனூர் ரோடு வழியாக ஜீப்பில் கீழே கொண்டுபோய், எலும்பு கட்டுகிற வைத்தியரிடம் காட்டினார்கள். அவர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் தடவி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, நாற்பத்தைந்து நாள் அசையக் கூடாது என்று அனுப்பினார். அப்பா, எஸ்டேட் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லைன் வீட்டின் ஒற்றை அறையில் கயிற்றுக்கட்டிலில் படுத்தார். பத்து நாள் யாரோடும் பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தார். மற்ற நேரமெல்லாம் கூரை ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைத்தபோது கூப்பிட்டார்.

"கண்ணு, நோட்ட எடுத்துட்டு வா. ஒம்பதாயிரத்தித் தொள்ளாயிரத்தி எழுவத்தி மூனு. எதுலயாச்சும் போகுதான்னு பாரு. எனக்குப் பதிமூனுக்கு மேல புடிபடல. வலி வந்து எல்லாத்தையும் கலைச்சுப்போடுச்சு."

அன்றிலிருந்து தினமும் அது நடந்தது. மலையில் நாலு மணிக்கே மஞ்சு இறங்கிவிடும். குளிர் ஏறினால் அப்பாவின் காலில் வலியும் ஏறும். அவர் கூரைக் கட்டையில் கட்டியிருந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வகுப்பேன். ஒவ்வொரு கணக்கையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். முதலில் இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாகப் போட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் இரண்டில் போகாதது நாலில் எப்படிப் போகும் என்பது எங்களுக்கு உறைத்தது. வீணாய்ப் போன நாட்களை நினைத்து அப்பா வருத்தப்படவில்லை. இனிமேல் கல்லாக இருக்கிற எண்களால் மட்டும் தட்டினால் போதும் என்றார்.

ஏழில் ஐந்து மிஞ்சியது. பதினொன்றில் ஏழு மிஞ்சியது. பதின்மூன்றில் இரண்டே இரண்டு. அந்த இரண்டு மட்டும் இல்லாதிருந்தால் என்று நான் அங்கலாய்த்தேன். அப்படியென்றால் அது நம்முடைய எண்ணாக இருக்காதே என்றார் அப்பா. அந்த இரண்டு குறைந்த எண்ணையும் அன்றைக்கே உடைத்துப் பார்த்தோம்: பதின்மூன்று, மறுபடியும் பதின்மூன்று, ஐம்பத்தொன்பது. அழகாகப் பிரிந்து விழுந்தது. 9972-ஐத் தொட்டாலே இரண்டும் மூன்றுமாகக் கொட்டியது. 9974 பாதியாகப் பிளந்தது. 9975-இல் மூன்றும் ஐந்தும் ஏழும் பத்தொன்பதும் அகப்பட்டன. இந்தப் பக்கத்து மரமும் அந்தப் பக்கத்து மரமும் விறகாகப் பிளக்க, நடுவில் இது மட்டும் நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் கிடையாது. அதே நான்கு இலக்கம், அதே வெள்ளைப் பெயிண்ட். உள்ளே என்ன இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறபோது வருமே, அந்த மாதிரி.

இடையில் நான் யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தேன். இந்த எண் உடைகிற அன்றைக்கு அப்பாவின் கால் சரியாகிவிட வேண்டும் என்று மலை உச்சியில் இருக்கிற சேர்வராயன் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். எந்த எண்ணும் என்றைக்காவது உடைந்துதானே ஆக வேண்டும்? சாமிக்கு அதிகச் சிரமம் கொடுக்காத வேண்டுதல் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நாற்பத்தைந்து நாள் ஆயிற்று. கட்டைப் பிரித்தபோது கால் வீங்கி, நிறம் மாறியிருந்தது. வைத்தியர் மறுபடியும் கட்டிவிட்டுப் போனார். அப்பாவுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. காய்ச்சல் இல்லாத சாயங்காலங்களில் நாங்கள் எழுபத்தொன்று, எழுபத்து மூன்று என்று ஏறிக்கொண்டிருந்தோம். தொண்ணூற்றேழு வந்தபோது அதில் எழுபத்தொன்பது மிஞ்சியது. அன்றைக்கு அப்பா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார், இடையில் தூங்கிவிட்டார். அதற்கு மேல் நான் தனியாகவே போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, ஈர மண்ணில் குச்சியால் வகுத்துக்கொண்டிருந்தேன். நூற்றொன்று தொண்ணூற்றெட்டு தடவை போயிற்று, எழுபத்தைந்து மிச்சம். நூற்று மூன்று தொண்ணூற்றாறு தடவை. நூற்றேழு தொண்ணூற்று மூன்று தடவை. நூற்றொன்பது தொண்ணூற்றொன்று தடவை. அந்த வேஷக்காரனைப் பார்த்ததும் குச்சி நின்றுவிட்டது. தொண்ணூற்றொன்றுதான் எப்போதோ முடிந்துபோயிற்றே. நூற்றொன்பது சரியாகத் தொண்ணூற்றொரு தடவை போகும் என்றால், தொண்ணூற்றொன்றும் சரியாக நூற்றொன்பது தடவை போயிருக்க வேண்டும். அது போகவில்லை என்று எனக்கு முன்பே தெரியும். ஏழிலேயே தெரியும். அப்படியானால் நூற்றொன்பதைப் போட்டுப் பார்த்திருக்கவே வேண்டாம். நூற்று மூன்றையும் வேண்டாம். நூறும் நூறும் பெருக்கினால் பத்தாயிரம். நம்முடைய எண் அதற்குக் கீழே. இரண்டாக உடைந்தால் ஏதோ ஒரு துண்டு நூறுக்குக் கீழே வந்தே தீர வேண்டும். நூறுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

என் குடம் நிரம்பி வழிந்தது. பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்கா அதை எடுத்து நகர்த்தி வைத்து, பேயடித்த மாதிரி என்னடி பார்க்கிறாய் என்று கேட்டாள். நான் போட்டுப் பார்த்தது நூற்றுச் சொச்சம் வரைதான். ஆனால் இருநூறும் ஐந்நூறும் ஐயாயிரமும் இந்த எண்ணுக்குள் போகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தொடாத எண்களைப் பற்றி, ஒரு நாளும் தொடப் போகாத எண்களைப் பற்றி, குழாயடியில் நின்றுகொண்டிருந்த எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. மேலே சில்வர் ஓக் மரங்கள் காற்றில் வெள்ளை வெள்ளையாக இலையைத் திருப்பிக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய கல்லு ஒன்று இருக்கிறது என்பது அந்தக் கணத்தில் உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பினேன்.

இரண்டு வருடம் கழித்து ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் கல்லைப் பகா எண் என்று போட்டிருந்தார்கள். ஒரே வரியில் விளக்கம், பரீட்சையில் இரண்டு மார்க். கல்லூரியில் படித்தபோது, அப்படிப்பட்ட எண்களுக்கு முடிவே கிடையாது, எவ்வளவு தூரம் போனாலும் அதற்கு அப்பாலும் ஒன்று நின்றுகொண்டிருக்கும் என்பதற்கான நிரூபணத்தைக் கற்றேன். சேர்வராயன் மலையில் இருக்கிற மரங்களிலெல்லாம் மரத்துக்கு ஓர் இலக்கமாக எழுதினாலும் எழுதி முடிக்க முடியாத அளவு பெரிய பகா எண்களும் இருக்கத்தான் வேண்டும் என்று புரிந்தது. எதுவும் அந்தக் குழாயடிக்கு ஈடாகவில்லை.

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்த பிறகுதான் வேண்டுதல் நினைவுக்கு வந்தது. எண் உடையப்போவதில்லை. இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே.

அன்று சாயங்காலமே மாமா வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவின் தம்பியான அவர் அடிவாரத்தில் இருந்தார். வைத்தியர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷர், மறைக்கவில்லை. இரண்டு எலும்பில் ஒன்று தன் கைக்கு அடங்கவில்லை, உள்ளே சீழ் வைத்திருக்கிறது, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், தாமதித்தால் காலோடு போகாது என்றார். அப்பா முடியாது என்றார். முன்பு எங்கள் லைனில் ஒருவர் காலில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், ஒற்றைக் காலோடு திரும்பி வந்திருந்தார். மரம் ஏறுகிறவனுக்குக் காலை எடுப்பதும் தலையை எடுப்பதும் ஒன்றுதான் என்று அப்பா சொன்னார். மாமா கெஞ்சினார். அம்மா அழுதாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் ஒரு பாடமும் கவனிக்கவில்லை. எந்த இரண்டு எண்ணைப் பெருக்கினால் 9973-க்குக் கிட்டத்தில் வரும் என்று தேடிக்கொண்டிருந்தேன். அறுபத்தேழையும் நூற்று நாற்பத்தொன்பதையும் பெருக்கினால் 9983 வந்தது. பத்துதான் அதிகம். அறுபத்தேழை ஒன்பதால் பெருக்குகிற இடத்தில், ஒன்பதேழு அறுபத்து மூன்று என்று மூன்றை எழுதி ஆறை மேலே கொண்டுபோக வேண்டும். நான் ஐந்தைக் கொண்டுபோனேன். அறுநூற்று மூன்று வர வேண்டிய இடத்தில் ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று வந்தது. மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகக் கூட்டினேன். கீழே அழகாக 9973 என்று விழுந்தது. திருடியது ஒன்றே ஒன்று. அப்பாவுக்குக் காய்ச்சல்; பார்க்க மாட்டார் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் நோட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அப்பா அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்காகக் கதவுப் பக்கம் சாய்த்துப் படித்தார். உதடு அசைந்தது. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. பிறகு கடைசி வரைக்கும் போனது.

"ஒடஞ்சிருச்சா கண்ணு?"

"ஒடஞ்சிருச்சுங்கப்பா. இனிக் கால் சரியாப் போயிருமுங்க. நான் சாமிகிட்டச் சொல்லியிருக்கறனுங்க."

அப்பா சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நோட்டை மூடி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டு, அவள் தம்பியை ஜீப் கொண்டுவரச் சொல், காலையில் சேலம் போகலாம் என்றார். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னதும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மாமாவைத் தேடி ஓடினாள். மாமா நல்லவேளையாக அடிவாரத்துக்கு இறங்காமல் பக்கத்து ஊரான மஞ்சக்குட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்.

விடிந்ததும் ஜீப்பின் பின்பக்கம் வைக்கோலைப் பரப்பி, மேலே கம்பளி விரித்து, அப்பாவைப் படுக்கவைத்தார்கள். என்னைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு அம்மாவும் ஏறிக்கொண்டாள். ஜீப் வளைவுக்கு வளைவு இறங்கிப் போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பொய்க் கணக்கு பலித்துவிட்டது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். சாமிக்குப் பெருக்கல் தெரியாது போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். நினைத்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்பா திரும்பி வரக் கார்த்திகை மாதம் ஆகிவிட்டது. காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்திருந்தது. இரண்டு தடவை ஆபரேஷன் செய்தார்களாம். காலை எடுக்கவில்லை. பஸ்ஸிலிருந்து மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவரே இறங்கினார். கையில் ஒரு தடி. லைனே கூடி நின்று பார்த்தது. அம்மா கற்பூரம் சுற்றி உடைத்த தேங்காயில் ஒரு மூடி சாக்கடையில் விழுந்ததைக்கூட அன்று யாரும் அபசகுனம் என்று சொல்லவில்லை. மாமா மட்டும் எல்லாருக்கும் விவரம் சொல்லிக்கொண்டு வந்தார்: நடக்கலாம், வேலை செய்யலாம், மரம் ஏறுவதுதான் இனி ஆகாது, எலும்பு கெட்டுப்போனதால் வலது கால் ஒரு இஞ்சு குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு இஞ்சு என்ற சொல் என்னைக் கொன்றுவிட்டது. எல்லாரும் அவ்வளவுதான் என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்த ஒன்று எங்கிருந்து குறைந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் ஒன்று திருடினேன். சாமி ஒன்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் பொறுத்தேன். அப்பா தடியை ஊன்றி வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்து பழகும்போது, அவர் உடம்பு ஒவ்வோர் அடிக்கும் வலது பக்கம் சாய்வதைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் அம்மா பழம் பறிக்கப் போயிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். சொல்ல ஆரம்பிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அது ஒடையலீங்கப்பா. நாந்தான் ஒன்னத் திருடிப் போட்டேன். அதான் உங்க காலு ஒரு இஞ்சு கொறஞ்சு போச்சுங்க."

அப்பா சிரிக்கவில்லை. என்னைக் கட்டிலில் பக்கத்தில் உட்காரவைத்து, காலுக்கும் கணக்குக்கும் சம்பந்தமில்லை, எலும்பை டாக்டர் ரம்பத்தால் அறுத்து எடுத்ததைத் தான் கேட்டுத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்போது அவர் நோட்டைத் திறந்து, அந்த இடத்தில் சரியாக விரலை வைத்தார்.

"ஒம்பதேழு அறுவத்தி மூனு. ஆறு மேல போகணும். இது எனக்குத் தெரியாதா கண்ணு? அன்னைக்கே பாத்துட்டேன்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. பொய் என்று தெரிந்துமா சேலம் போனீர்கள், ஏன் போனீர்கள் என்று கேட்டேன். சும்மா படுத்துக் கிடந்தால் ஆகுமா என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். அது ஒரு பதிலாகவே எனக்கு அப்போது பட்டது. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. நோட்டில் புதுப் பக்கத்தைப் புரட்டி, குழாயடியில் கண்டதை முதலிலிருந்து சொன்னேன். நூறும் நூறும் பத்தாயிரம்; எண் அதற்குக் கீழே; உடைந்தால் ஒரு துண்டாவது நூறுக்குள் வர வேண்டும்; நூறுக்குள் எதுவும் இல்லை. அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப நூறுக்கு மேல பாக்கவே வேண்டாங்கற."

"வேண்டாங்க."

"நொம்பப் படிச்சவங்க வந்து பாத்தா?"

"அவங்களாலயும் முடியாதுங்கப்பா."

"அந்த மரத்த அறுத்து அடுப்புலயும் வெச்சாச்சு. நம்பரு?"

"நம்பரு அப்படியேதானுங்க இருக்கும். எப்பவும் ஒடையாது."

எப்பவும் என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். வெளியே மஞ்சு இறங்கி, எதிர்ச் சரிவில் இருந்த மரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டிருந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய எண்களில் கல்லு கிடையாது என்று இத்தனை நாள் சாதித்தவர் அல்லவா, தோற்றுப்போனதில் வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

"இன்னொருக்கா சொல்லு சாமி" என்றார்.

நான் மறுபடியும் நூறிலிருந்து ஆரம்பித்தேன். பாதியில் நிமிர்ந்தபோது அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், கணக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் நிதானமாகச் சொன்னேன்.